பீப் சொன்னது யாரு?

பல்லி கத்தினால் பலன் பார்க்கப் புத்தகம் வைத்திருந்த பரம்பரை சார் நாம். கிழக்கே கத்தினால் ஒரு பலன், தெற்கே கத்தினால் வேறு பலன் என்று பஞ்சாங்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். காக்கா கத்தினால் விருந்தாளி வருவார். நாய் ஊளையிட்டால்... அதைக் காலங்காத்தாலே எதற்கு!

ஆனால் இன்வெர்ட்டர் கத்தினால் என்ன பலன்? அதற்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். நாலைந்து பாஷையில். வாங்கி வந்த மறுநாளே அது அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது.

உங்கள் வீட்டில் கத்தக்கூடிய ஜந்துக்கள் எத்தனை என்று என்றைக்காவது எண்ணியிருக்கிறீர்களா? குரோம்பேட்டையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இருக்கும் நான் எண்ணினேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர், குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின், மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் அலறும் பெட்டி, கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்., சமையலறையில் கேஸ் கசிவு அலாரம், ஸ்கூட்டர், மொபைல். ஆக மொத்தம் 11. மனிதர்களைச் சேர்க்கவில்லை.

மேன்ஷன்வாசிகளே, சிரிக்காதீர்கள். ரூம்மேட்டின் எமர்ஜென்சி விளக்கு ராத்திரி முழுக்க முனகியதையும், அது எலி என்று நீங்கள் செருப்போடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்ததையும் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இந்த 11 ஜந்துக்கும் ஏறக்குறைய ஒரே குரல். 'பீப்.' ஏன்? காரணம், உள்ளே இருப்பது ஒரே சாமான். எட்டணா காசு மாதிரி ஒரு சின்னத் தகடு. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-ல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டுபிடித்தார்கள். (அந்தத் தம்பிதான் பிற்பாடு மேரி கியூரியின் கணவர் ஆனவர்.) இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது மின்சாரத்தைக் கொடுத்தால், அந்தப் பொருள் நெளியும். வேகமாக நெளிந்தால் சத்தம். பீசோ பஸ்ஸர் என்பது இதுதான். விலை மலிவு, கரண்டும் துளிதான் குடிக்கும். அனேகமாக 2,000-த்திலிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள் கத்தும். அதாவது விநாடிக்கு அத்தனை ஆயிரம் அதிர்வு. மனிதக் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் அதே இடத்தில்தான். கொஞ்சம் செலவழித்து நிறைய எரிச்சலூட்டலாம். கம்பெனிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இனி அந்த மார்கழி ராத்திரிக்கு வருகிறேன்.

மணி 2:40. "ஏங்க, ஏதோ கத்துது" என்று மனைவி எழுப்பினாள். படுத்தபடியே கேட்டேன். நிசப்தம். "கனவு, தூங்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்கும் 'பீப்' என்று அது கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. ஒரே ஒரு தடவை. அப்புறம் மறுபடி மௌனம். வாட்சைப் பார்த்துக் காத்திருந்தோம். ஏறக்குறைய ஒரு நிமிஷம் கழித்து மறுபடி 'பீப்'.

ஹாலில் என்றேன் நான். சமையலறை என்றாள் அவள். ஹாலுக்குப் போனால் சமையலறையிலிருந்து கேட்டது. சமையலறைக்குப் போனால் வாசலிலிருந்து கேட்டது. கதவைத் திறந்தால் எதிர் ஃபிளாட் கதவு சாதுவாகச் சாத்தியிருந்தது. மூன்று மணிக்கு அதைத் தட்டி 'உங்க வீட்ல ஏதாவது கத்துதா?' என்று கேட்டால், 'இப்ப நீங்கதான்' என்று பதில் வரும்.

இப்படி அலைக்கழித்ததற்கு என் தூக்கக் கலக்கம் காரணமில்லை. சத்தம் எந்தத் திசை என்பதை நாம் இரண்டு வழியில் கண்டுபிடிக்கிறோம் என்று ராலே பிரபு 1907-ல் விளக்கினார். ஆர்கான் வாயுவுக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். கனத்த சத்தம் என்றால், எந்தக் காதுக்கு முன்னால் வந்தது என்று மூளை கணக்குப் போடும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. ஆனாலும் போட்டுவிடும். கீச்சுக் குரல் என்றால், நம் தலையே நடுவில் சுவராக நின்று ஒரு காதுக்கு நிழல் கட்டும். எந்தக் காதில் சத்தம் கம்மி என்று பார்த்தால் போதும். சங்கடம் எங்கே என்றால், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ரெண்டுங்கெட்டான் பிரதேசத்தில். முதல் கணக்கு அங்கே குழம்பும், இரண்டாவது கணக்கு இன்னும் சரியாகப் பிடிபடாது. 1936-ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், நியூமன் என்று இரண்டு பேர் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் உயரமான நாற்காலி போட்டு, அதில் ஆளை உட்கார வைத்து, சுற்றிலும் சத்தம் எழுப்பி 'எங்கிருந்து வருது, சொல்லு' என்று கேட்டார்கள். உட்கார்ந்தவர்கள் அதிகமாகத் தப்புச் சொன்னது இந்த 3,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான்.

அதாவது எந்தச் சத்தத்தைக் கேட்டால் 'எங்கே?' என்று நமக்குத் தெரியாதோ, அதைப் பொறுக்கி எடுத்து எல்லா மெஷினுக்கும் குரலாக வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, ஒரு நொடி கத்திவிட்டு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்கிறது. நாலு சுவரும் எதிரொலி கொடுத்து உதவுகின்றன.

ஆகவே காதை நம்பாமல் துப்பறிய வேண்டும். முதலில் இடைவெளி. கத்தலுக்கும் கத்தலுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று குறியுங்கள். அதுதான் ஆசாமியின் கைரேகை. விடாமல் கத்தினால் 'இப்பவே வா' என்று அர்த்தம். நிமிஷத்துக்கு ஒரு தடவை என்றால் அனேகமாக 'எனக்கு பாட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது' என்ற முனகல்.

அடுத்தது மெயின் சுவிட்ச். கேஸ் வாசனை துளியும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு அதை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணையுங்கள். இருட்டில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கத்தியது கரண்டில் ஓடும் ஆசாமி. நிற்கவில்லையா? உள்ளே சொந்த பாட்டரி வைத்திருப்பவன். அல்லது சுவர்க்கோழி. அது நிஜமாகவே இதே மாதிரி கத்தும், ஆனால் நீங்கள் கிட்டே போனதும் நிறுத்திவிடும். மெஷின்களுக்கு அந்த மரியாதை தெரியாது.

கடைசியாகக் கதவுகள். ஒவ்வொரு ரூமாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு 'பீப்'புக்குக் காத்திருங்கள். திசையைக் கேட்காதீர்கள், அளவை மட்டும் கேளுங்கள். எந்த ரூமில் சத்தம் அதிகம்? அவ்வளவுதான் கேள்வி.

மெயினை அணைத்தோம். நிற்கவில்லை. கதவு கதவாகச் சாத்தினோம். நடு ரூமில் சத்தம் அதிகம். அங்கே கத்துவதற்கு என்ன இருக்கிறது? பீரோ, கட்டில், தலைக்கு மேலே பரண். ஸ்டூல் போட்டு ஏறினேன். கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து வந்தது அழுகுரல்.

என் மைத்துனர் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்த புகை அலாரம்! அங்கே வீட்டுக்கு வீடு இருக்குமாம். ஹாலில் தானே ஏறி மாட்டிவிட்டுப் போனார். முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு ஒரு தடவை, மிளகாய் தாளித்ததற்கு ஒரு தடவை என்று ஊரைக் கூட்டியதில் பரணுக்கு மாற்றலாகிவிட்டது. உள்ளே 9 வோல்ட் பாட்டரி மட்டும் கடமை தவறாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அது ஏன் பகலில் கத்தாமல் ராத்திரி 2:40-க்கு? குளிரில் பாட்டரியின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். தீரப்போகிற பாட்டரி பகல் சூட்டில் தாக்குப்பிடித்துவிட்டு, விடியற்காலைக் குளிரில் எல்லைக்கோட்டைத் தாண்டி விழும். மார்கழிப் பனி என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

பாட்டரியைக் கழற்றினேன். சாந்தி.

இத்தனை அமளியிலும் அந்த நடு ரூமில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் அப்பா. வயது 76. ரிட்டயர்டு தமிழாசிரியர். நான் ஸ்டூலிலிருந்து இறங்கியபோதுதான் விழித்தார்.

"என்னடா, திருடனா?"

"இல்லப்பா, அலாரம். ஒரு மணி நேரமா கத்துதே, கேக்கலையா?"

"நல்ல தூக்கம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடுத்துவைத்தவர் என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல காரியம் ஆரம்பித்தோம். எந்த மெஷின் எப்படிக் கத்தினால் என்ன அர்த்தம் என்று ஒரு அட்டவணை. நான் சொல்லச் சொல்ல அப்பா தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். தலைப்பு அவரே வைத்தார்: 'கருவி சாஸ்திரம்.'

ஃபிரிட்ஜ்: கதவு சரியாகச் சாத்தவில்லை, காய்கறி டப்பா இடிக்கிறதா பார். வாஷிங் மெஷின்: குழாயில் தண்ணி வரவில்லை, அல்லது துணி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு: பாத்திரம் ஒத்துக்கொள்ளவில்லை, அடியில் காந்தம் ஒட்டுகிறதா பார். இன்வெர்ட்டர்: கரண்ட் இல்லாதபோது கத்தினால் யாரோ மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ போட்டிருக்கிறார்கள், அல்லது பாட்டரி தீர்கிறது. பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குழாய்த் தண்ணி கூடாது. யு.பி.எஸ்.: கம்ப்யூட்டர் வேலையை உடனே சேமித்துவிட்டு அணை. (கம்பெனிக்குக் கம்பெனி கத்தல் மாறும். உங்கள் வீட்டு அட்டவணையை நீங்கள்தான் எழுத வேண்டும்.)

கடைசியாக கேஸ் அலாரம். அதற்கு ஒரு சோதனைப் பித்தான் இருக்கிறது. அழுத்தினால் நிஜமாகக் கசிந்தால் கத்துகிற மாதிரியே கத்தும். எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணிச் சொல்வதற்காக நான் சமையலறைக்குப் போனேன். அப்பா தன் ரூமில் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். அலறியது. பத்து விநாடி. பதினைந்து விநாடி. பக்கத்தில் நின்ற மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் ரூமிலிருந்து குரல் வந்தது: "ம்... அழுத்துடா, எழுதறேன்!"

விரலை எடுக்கவில்லை. நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் ஆபீஸ் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஏழு, ஏழரை. நடுவில் அப்பா தனியாக. பதினோரு மணிக்குத் தானே பால் காய்ச்சிக் காப்பி போட்டுக்கொள்வார். அந்தக் கேஸ் அலாரம் யாருக்காக வாங்கியதோ அவருக்கு மட்டும்தான் அது கேட்காது.

எல்.பி.ஜி. கேஸ் காற்றைவிட கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தேங்கி நிற்கும். அதனால்தான் அந்த அலாரத்தைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில் மாட்டுகிறார்கள். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. நமக்குத் தெரியவேண்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்ற மருந்தைக் கலக்கிறார்கள். ஆனால் வயதானால் மூக்கும் மங்கும். காதும் மூக்கும் சேர்ந்து காலை வாரினால்?

காது டாக்டரிடம் போவதற்கு அப்பாவைச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை. "எனக்கென்ன குறை? நீங்கள்லாம் முணுமுணுக்கறீங்க." டி.வி. மட்டும் தெருமுனை வரை கேட்கும். "மாமா, பால் வந்தாச்சா?" என்று மருமகள் கேட்டால், "கால் வலிக்கலையேம்மா" என்பார். கடைசியில் "சும்மா ஒரு டெஸ்ட்" என்று அழைத்துப் போனோம். காதில் ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்து வரைபடம் போட்டார்கள். கோடு 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் சமதரை. 2,000 தாண்டியதும் சறுக்குமரம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள். அதில் வரிசையாகச் சத்தத்தை வாங்கும் நுண்ணிய செல்கள். வாசல் பக்கம் இருப்பவை கீச்சுக் குரலுக்கு, உள்ளே கடைசியில் இருப்பவை கனத்த குரலுக்கு. வயதாக ஆக முதலில் தேய்வது வாசற்படி. பேச்சிலும் க, ச, த, ப போன்ற எழுத்துக்களின் அடையாளம் மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. ம, ன, ல எல்லாம் கீழே. அதனால் பேசுவது கேட்கும், என்ன வார்த்தை என்று புரியாது.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "அப்படின்னா வல்லினம் போயிடுத்து, மெல்லினமும் இடையினமும் இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆட்டோவில் திரும்பும்போது வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா தெரியும்டா. நீங்கள்லாம் சிரிக்கறப்போ நானும் சிரிச்சுடுவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆட்டோ சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

இது உலகம் அறிந்த பிரச்னைதான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் தூங்குபவர்களை வைத்தே சோதனை செய்து பார்த்தார்கள். 3,000 ஹெர்ட்ஸ் கீச்சு அலாரத்தைவிட, 520 ஹெர்ட்ஸில் கார் ஹாரன் மாதிரி கனமாக ஒலிக்கும் சத்தம்தான் காது மந்தமானவர்களை, வயதானவர்களை, குழந்தைகளை நன்றாக எழுப்பியது. குடித்துவிட்டுத் தூங்குபவர்களையும்கூட. (மேன்ஷன்வாசிகள் குறித்துக்கொள்ளவும்.)

எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கேஸ் அலாரத்தில் வெளியே ஒயர் இழுக்க வசதி இருந்தது. "பள்ளிக்கூட மணி மாதிரி ஒண்ணு வெச்சுடுங்களேன்" என்றார் அப்பா, பழைய ஞாபகத்தில். "வேணாம் சார், அந்த மணி அடிக்கறப்ப உள்ள பொறி பறக்கும். கேஸ் விஷயத்துல பொறியே ஆகாது" என்றார் அவர். ஆகவே பொறி பறக்காத எலெக்ட்ரானிக் ஹூட்டர் ஒன்று, கட்டைக் குரலில், அப்பாவின் தலைமாட்டில். பக்கத்தில் பளிச் பளிச் என்று ஒரு சிவப்பு விளக்கு. எதிர் ஃபிளாட் அம்மாவிடமும் இந்தச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று சொல்லிவைத்தோம். அப்பாவுக்கு ஒரு ஜோடி காதுக் கருவியும் வந்தது.

'கருவி சாஸ்திரம்' இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: 'கேஸ் அலாரம் கத்தினால் எந்த சுவிட்சையும் போடாதே, அணைக்காதே. ரெகுலேட்டரை மூடு. ஜன்னல் கதவுகளைத் திற. வெளியே போய் 1906-க்கு போன் செய்.' 1906 நாடு முழுவதற்கும் பொதுவான கேஸ் அவசர எண். அலாரம் சும்மா கத்துகிற சமயமும் உண்டு. கொசு மருந்து ஸ்பிரே, சென்ட் எல்லாம் அந்த சென்சாருக்கு கேஸ் மாதிரியே தெரியும். அதற்காக ஒயரைப் பிடுங்காதீர்கள். சோதித்துவிட்டு, இல்லை என்று தெரிந்தபின் திட்டுங்கள். சென்சாருக்கும் ஆயுசு உண்டு, பின்னால் தேதி போட்டிருக்கும். பரணில் இருந்த புகை அலாரமும் புது பாட்டரியோடு ஹாலுக்குத் திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான் பால்கனிக்கு மாற்றலாகியிருக்கிறது.

சென்னையில் வேலை, அப்பா அம்மா ஊரில் என்று இருப்பவர்கள் உங்களில் பாதிப்பேர். பொங்கலுக்குப் போகும்போது சட்டை, புடவையோடு ஒரு வேலையும் எடுத்துப் போங்கள். அவர்கள் பக்கத்து ரூமில் இருக்கும்போது, சொல்லாமல், வீட்டில் இருக்கிற அலாரத்தின் சோதனைப் பித்தானை அழுத்துங்கள். திரும்பிப் பார்க்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்கிறீர்களா? கருவி மாட்டிக்கொண்ட முதல் நாள் ஹாலில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, இவ்வளவு சத்தத்துல எப்படிடா குடித்தனம் பண்றீங்க? அந்த ஃபிரிட்ஜ் கதவை முதல்ல சாத்து. எவ்வளவு நேரமா கத்துது, உனக்குக் காது கேக்கலையா?"